இருபது பவுனும் இரண்டரை ஷில்லிங்கும்



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவில் பேச வேண்டுமென்று என்னை அழைக்க வந்த காரியதரிசி, பொருள் எதுவானாலும் சரி, தொழிலாளர் சம்பந்தமாக இருந்தால் விசேஷம் என்று சொல்லிப்போனார். நான் எடுத்துக்கொண்ட விஷயத்தை மறுநாள் தெரிவித்தபோது, கால்பந்து ஆடுகிறவர்களின் சம்பளத் தகராற்றைத் தொழிலாளர் விஷயத்தோடு சேர்த்து எண்ணலாமா என்ற ஒரு கேள்வி அவர் தொண்டை வரைக்கும் வந்து, மரியாதையின் நிமித்தம் திரும்பி உள்ளே போய்விட்டதை நான் கவனித்தேன். அவர் விழுங்கிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். 1961ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில், இங்கிலாந்தின் கால்பந்தாட்டக்காரர்கள் குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமையன்று மைதானத்தில் இறங்குவதில்லை என்று தீர்மானித்தபோது, அவர்களுடைய ஆட்டத்தைக் காசு கொடுத்துப் பார்த்து, வாரத்தின் மற்ற ஆறு நாட்களையும் அதைப் பற்றிப் பேசியே போக்கிவந்த லட்சக்கணக்கான ஜனங்களின் நெஞ்சிலும் இந்தக் கேள்விதான் இருந்திருக்கும். பந்தை உதைப்பதும் ஒரு பிழைப்பா? பிழைப்பேயானாலும் அதில் குறைப்பட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?

அந்தத் தகராற்றைப் பற்றி எழுதியவர்கள் ஆட்டக்காரர்களின் கட்சியையும் நிர்வாகிகளின் கட்சியையும் வேண்டிய மட்டும் விரித்து எழுதிவிட்டார்கள். வாயிலில் காசை வைத்துவிட்டு உள்ளே போய், மழையானாலும் பனியானாலும் ஒன்றரை மணி நேரம் நின்று பார்த்துத் தொண்டை கட்ட வீடு திரும்பியவனுக்கும் ஒரு கட்சி உண்டு. அவனை யாரும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடவில்லை. அவனும் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தவனல்லன். அவனைப் பற்றியே இன்று பேசலாமென்றிருக்கிறேன்.

தகராறு இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1888ஆம் வருஷம் 12 கிளப்புகள் கூடி லீக் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்திய சில ஆண்டுகளுக்குள்ளேயே, அந்த விளையாட்டை ஆண்டவர்கள் இரண்டு கட்டுப்பாடுகளைச் செய்து முடித்தார்கள். ஒரு கிளப்பில் கையெழுத்திட்டவன், ஒப்பந்தம் தீர்ந்துபோன பிறகும், அந்தக் கிளப்பின் சம்மதமில்லாமல் லீக்கைச் சேர்ந்த வேறு எந்தக் கிளப்பிலும் ஆட முடியாது என்பது ஒன்று. பருவத்தின் முடிவில் ‘இவனை வைத்துக்கொள்கிறோம்’ என்று பட்டியலில் பெயரெழுதிவிட்டால் போதும். அவர்கள் கொடுக்கும் சம்பளத்துக்கு இசையாதவனுக்குச் சம்பளமும் இல்லை, போவதற்கு அநுமதியும் இல்லை. மற்றொன்று, 1901இல் அமலுக்கு வந்த சம்பள உச்சவரம்பு. எப்பேர்ப்பட்ட சூரனாயிருந்தாலும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கலாகாது என்று அன்றைக்கு விதித்தார்கள். அந்தத் தொகை 1922இல் 8 பவுனாகவும், யுத்தம் முடிந்து 1947இல் 12 பவுனாகவும், 1958இல் 20 பவுனாகவும் ஊர்ந்து ஏறியதே தவிர, விதி மட்டும் அறுபது வருஷம் அசையவில்லை. ஆட்டம் இல்லாத கோடை வாரங்களில் 20 பவுன் 17 ஆகக் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டக்காரர்கள் 1907இலேயே மான்செஸ்டரில் கூடி, பில்லி மெரிடித் என்ற பெரிய ஆட்டக்காரரின் முயற்சியால் சங்கம் அமைத்தார்கள். 1909இல் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அதற்குப் பிறகு நடந்தவற்றில் நம்மைத் தடுத்து நிறுத்தக்கூடியது அதிகமில்லை. 1957இல் ஃபுல்ஹாம் கிளப்பின் ஆட்டக்காரரும், தாடி வளர்த்தவரும், பத்திரிகைக்காரர்களிடமும் தொலைக்காட்சியிலும் சளைக்காமல் பேசக்கூடியவருமான ஜிம்மி ஹில் சங்கத்தின் தலைவரானதிலிருந்துதான் கதை வேகம் பிடிக்கிறது.

இனி, மைதானத்துப் படிக்கட்டில் நின்று ஆட்டம் பார்த்தவனிடம் வருவோம். இங்கிலாந்தின் நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் வேலை இல்லை என்று சட்டம் ஏற்பட்ட பிறகே கால்பந்து அந்தத் தேசத்தின் சாமான்ய ஜனங்களுக்கு உரிமையாயிற்று. ஆலைச் சங்கு ஊதியதும் முகத்தைக் கழுவியும் கழுவாமலும், தட்டையான குல்லாயைத் தலையில் அழுத்திக்கொண்டு, மூன்று மணி ஆட்டத்துக்கு நடந்தே போனவர்கள் அவர்கள். 1948–49ஆம் பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களைப் பார்க்க வந்தோரின் கணக்கு 4 கோடியே 10 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர் சுரங்கத்தில் கரி வெட்டுகிறவர், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், தறி ஓட்டுகிறவர், இரும்பு வார்க்கிறவர். அவரவர் தொழிலில் சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் செய்து, அடுப்பு அணைந்த வாரங்களைக் கண்டவர்கள். எனவே வேலைநிறுத்தம் என்றால் இன்னதென்று அறிந்த ஜனக்கூட்டம், பூமியிலேயே வேறு எந்தக் கேளிக்கைக்கும் அப்படிச் சேர்ந்து வாய்த்திராது. அவர்கள் ஆட்டக்காரனை ஆதரித்திருப்பார்கள் என்றே நாம் எதிர்பார்ப்போம். பலர் ஆதரித்தார்கள். ஆயினும் அந்த ஆதரவில் ஒரு முள் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

1955இல் தொழிற்சங்கங்களின் மகாசபையில் அப்போதைய ஆட்டக்காரர் சங்கத் தலைவரான ஜிம்மி கத்ரி எழுந்து, பிரிட்டனில் எஞ்சியிருக்கும் கடைசிக் கொத்தடிமைகளின் சார்பில் பேச வந்திருக்கிறேன் என்ற கருத்துப்படப் பேசினார். மகாசபையில் அது எடுபட்டிருக்கலாம். மறுநாள் பத்திரிகையில் அதைப் படித்த சுரங்கத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். 1960ஐ ஒட்டி ஆலைகளிலும் பட்டறைகளிலும் உடலுழைப்பால் பிழைத்த ஆண்மகனுக்குச் சராசரியாக வாரத்துக்கு 15 பவுனுக்குச் சற்றே குறைவாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு அவன் இருட்டில் இறங்கி, கரித்தூளைச் சுவாசித்து, முதுகை வளைத்து வெளியே வர வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம் பயிற்சியும், சனிக்கிழமை வெளிச்சத்தில் ஆட்டமும், முப்பதினாயிரம் பேர் கைதட்டலும், அதற்கு மேல் 20 பவுனும் பெறுகிறவன் தன்னை அடிமை என்று சொல்லிக்கொண்டால், 15 பவுன்காரனுக்கு அந்த வார்த்தை எப்படி ஜீரணமாகும்? ‘அடிமைத்தனம் இதுதானென்றால் எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்’ என்று அவன் மதுக்கடையில் சொல்லிச் சிரித்திருந்தால், அவனைப் பொறாமைக்காரன் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது.

ஆனால் அவன் ஒன்றைக் காணவில்லை. அவன் பணத்தைப் பார்த்தான், கயிற்றைப் பார்க்கவில்லை. அவனுடைய மேஸ்திரி அவனை வைதால், திங்கட்கிழமை அடுத்த சுரங்கத்தில் போய்ப் பெயர் கொடுத்துவிட அவனால் முடியும். 20 பவுன்காரனால் அது முடியாது. அவனுடைய கிளப்பு அவனை வேறு கிளப்புக்கு ஆயிரக்கணக்கான பவுனுக்கு விற்கும். விலையில் அவனுக்குச் சேருவது கையெழுத்துக்கான அற்பத் தொகை. அவனே போக விரும்பினாலோ, கதவு மூடிக்கொள்ளும். சம்பளம் எல்லோர் கண்ணிலும் படுகிற பொருள். ஒப்பந்தத்தின் ஷரத்துகள் அப்படியல்ல. எந்தத் தொழிலாளர் தகராற்றிலும் வெளியே நிற்கிறவர்கள் தொகையைப் பற்றியே வாதம் செய்து, ஷரத்தைப் பற்றி வாய் திறவாமலிருப்பதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கயிறு என்றேன். அதன் ஒரு நுனி நிர்வாகிகளின் கையில் இருந்தது. மற்றொரு நுனி யார் கையில் இருந்தது என்பதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கமாகவே இருக்கிறது. பிரெஸ்டன் என்ற நெசவாலை நகரத்துக் கிளப்பில் டாம் ஃபின்னி என்று ஒருவர் இருந்தார். அவர் காலத்தில் இங்கிலாந்திலேயே தலைசிறந்த ஆட்டக்காரர் அவரா, ஸ்டான்லி மாத்யூஸா என்று ஜனங்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். தொழிலால் அவர் தண்ணீர்க்குழாய் வேலைக்காரர். ஆட்டத்தில் புகழின் உச்சியிலிருந்தபோதும் குழாய் வேலைத் தொழிலைக் கைவிடவில்லை. 1952இல் இத்தாலி தேசத்துப் பலெர்மோ கிளப்பு அவரை அழைத்தது: கையெழுத்திட்டதும் 10,000 பவுன், மாதச் சம்பளம் 130 பவுன், கடலோரத்தில் மாளிகை, ஒரு கார். பிரெஸ்டன் நிர்வாகம் முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டது. ஃபின்னியும் அதிகம் முரண்டு பிடிக்காமல், தம் ஊரிலேயே, தம் கிளப்பிலேயே கடைசிவரை ஆடி ஓய்வுபெற்றார். பிரெஸ்டன் ஜனங்கள் அவரைக் கோயில் மூர்த்தியைப் போலக் கொண்டாடினார்கள். நியாயந்தானே? தங்கள் தெருவில் நடந்து, தங்கள் வீட்டுக் குழாயையும் பழுதுபார்க்கக்கூடிய ஒருவன் உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரனாகவும் இருப்பதைவிட ஒரு நகரத்துக்கு வேறென்ன பெருமை வேண்டும்? ஆனால் சபையோரே, அந்தக் கொண்டாட்டத்துக்கு ஆன செலவை யார் கொடுத்தார்கள் என்று ஒருகணம் கணக்குப் பாருங்கள். பத்தாயிரம் பவுனை விட்டுக்கொடுத்தவர் ஃபின்னி, மகிழ்ந்தவர்கள் மற்றவர்கள். ரஸிகனுடைய அன்பும் அந்தக் கயிற்றில் ஒரு புரியாக முறுக்கேறியிருந்தது.

இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. உச்சவரம்புக்கு ஆதரவாக நிர்வாகிகள் சொல்லிவந்த வாதம் ஒன்று உண்டு. அதில் ரஸிகனுக்கு நம்பிக்கை இருந்ததற்கும் ஆதாரம் உண்டு. எல்லாக் கிளப்பும் ஒரே சம்பளம் கொடுக்கிறவரைதான் பிரெஸ்டனும் பர்ன்லியும் லண்டன் கிளப்புகளோடு சரிநிகராக நிற்க முடியும், வரம்பை எடுத்துவிட்டால் சிறிய ஊர்களின் நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய நகரங்கள் வாரிக்கொண்டு போய்விடும் என்றார்கள். பர்ன்லி என்ற சின்னஞ்சிறு ஆலை நகரம் 1960இல் லீக்கின் முதற்பரிசையே வென்றிருந்தபடியால், இந்த வாதம் காகிதத்தில் எழுதிய வெறும் சொல்லாக அந்த ஜனங்களுக்குத் தோன்றவில்லை. பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவர்கள் பயந்தது வீண்பயமும் அன்று. ஆயினும், ஒரு சமத்துவத்தை நிலைநிறுத்துவதற்கான முழுச் செலவையும் ஆட்டக்காரனின் சட்டைப்பையிலிருந்தே எடுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டால், அந்த வாதத்துக்கு வாயில்லை.

1960ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஆட்டக்காரர்கள் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் மான்செஸ்டரிலும் தனித்தனியே கூட்டம் கூடி வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தார்கள். மான்செஸ்டர் கூட்டத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. சொல்லுகிறவருக்குத் தக்கபடி வார்த்தைகள் சிறிது மாறும், சாரம் மாறாது. கூட்டம் சூடுபிடித்திருந்த சமயத்தில், பரி என்ற சிறிய கிளப்பைச் சேர்ந்த ஓர் இளைஞன் எழுந்தான். ‘என் தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்கிறார். நான் வாங்குவதில் பாதிதான் அவருக்குக் கிடைக்கிறது. அவர் படுகிற பாட்டைப் பார்த்த பிறகு, எனக்குச் சம்பளம் போதாது என்று வேலைநிறுத்தம் செய்ய என் மனம் ஒப்பவில்லை’ என்ற கருத்தில் பேசி உட்கார்ந்தான். மண்டபத்தில் அமைதி. அங்கே கூடியிருந்தவர்களில் சுரங்கக்காரரின் மக்கள் எத்தனையோ பேர். அந்தப் பையன் சொன்னது ஒவ்வொருவனுக்கும் தன் வீட்டுக் கூடத்தில் நடந்த பேச்சாகவே கேட்டிருக்கும்.

அப்போது போல்ட்டன் கிளப்பின் டாமி பேங்க்ஸ் எழுந்தார். கரிக்கும் பஞ்சுக்கும் பேர்போன ஃபார்ன்வொர்த்தில் பிறந்தவர். முரட்டுத் தற்காப்பு ஆட்டத்தால் எதிரிகளை நடுங்கவைத்தவர். 1958இல் இங்கிலாந்துக்காக உலகக் கோப்பைப் பந்தயங்களில் ஆடியவர். தம் ஊர்ப் பேச்சு வழக்கிலேயே அந்த இளைஞனுக்கு அவர் சொன்ன பதிலின் கருத்து இது: உன் தகப்பனார் செய்கிற வேலை கடினமென்று எனக்கும் தெரியும், தம்பி, அவருக்கு இன்னும் அதிகம் கொடுக்க வேண்டுமென்பதே என் அபிப்பிராயமும். ஆனால் அவர் கரி வெட்டுவதைப் பார்க்க முப்பதினாயிரம் பேர் காசு கொடுத்து வரமாட்டார்கள். சனிக்கிழமைதோறும் அத்தனை பேர் எதிரில் இந்த மாத்யூஸை மறித்து நிறுத்தும்படி அவரிடம் சொல்லிப் பார். மாத்யூஸ் அந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்கிறார்கள். கூட்டம் சிரித்தது, சிரித்த பிறகு வாக்களித்தது. மூன்று ஊர்க் கூட்டங்களையும் சேர்த்து 694 பேர் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகவும், 18 பேர் எதிராகவும் கை தூக்கினார்கள்.

பேங்க்ஸ் சொன்ன பதிலை எல்லோரும் சாதுரியத்துக்காக மெச்சுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்தப் பேச்சில் முப்பதினாயிரம் பேரும் வருகிறார்கள். பந்தாட்டத்தின் வருமானம் அவர்களிடமிருந்துதான் வருகிறது, அதனால்தான் ஆட்டக்காரனுக்குப் பங்கு உண்டு என்பது அவருடைய வாதத்தின் அச்சாணி. அந்த முப்பதினாயிரம் பேரில் பையனின் தகப்பனாரும் ஒருவராக இருந்திருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. 1960இல் உள்ளே போவதற்குக் குறைந்த கட்டணம் இரண்டரை ஷில்லிங். எட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு பவுன். நூற்றறுபது பேர் சேர்ந்தால் மாத்யூஸின் ஒரு வாரச் சம்பளம். மைதானத்தின் ஒரு மூலையில் நிற்கிற கும்பலே அதைக் கொடுத்து முடித்துவிடும். மற்ற மூலைகளில் நின்றவர்களின் காசு எங்கே போயிற்று?

அந்தக் கேள்வியை ரஸிகன் கேட்டிருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதுவும் பேங்க்ஸின் போல்ட்டனிலேயே இருக்கிறது. 1946ஆம் வருஷம் மார்ச் 9ஆம் தேதி, பர்ன்டன் பார்க் மைதானத்தில் போல்ட்டனுக்கும் ஸ்டோக்குக்கும் கோப்பை ஆட்டம். ஸ்டோக்கின் சார்பில் மாத்யூஸ் ஆட வருகிறார். யுத்தம் முடிந்த மகிழ்ச்சியில் ஊரே திரண்டு வந்தது. கதவுகளை அடைத்த பிறகும் ரயில்பாதைப் பக்கமாக ஏறிக் குதித்து உள்ளே புகுந்தார்கள். 85,000 பேர் இருந்திருப்பார்கள் என்று மதிப்பு. நெருக்கத்தில் இரும்புத் தடுப்புகள் முறிந்து, மனிதர்மேல் மனிதர் விழுந்து 33 பேர் மாண்டுபோனார்கள். ஆட்டத்தை நிறுத்தி, பிரேதங்களை ஓரமாகக் கிடத்தி மூடிவிட்டு, அழிந்துபோன எல்லைக்கோட்டுக்குப் பதிலாக மரத்தூளைத் தூவிப் புதிய கோடு போட்டு, பாக்கி ஆட்டத்தையும் ஆடி முடித்தார்கள். பதினைந்து வருஷம் கழித்தும் இங்கிலாந்தின் மைதானங்களில் பெரும்பாலானவை மண்மேட்டில் படி வெட்டிய நிலையிலேயே, கூரையின்றி, போதிய கக்கூஸ் வசதியின்றி இருந்தன. வாயிலில் விழுந்த ஷில்லிங்குகள் ஆட்டக்காரனின் சம்பளமாகவும் போகவில்லை. பார்க்கிறவனின் தலைக்கு மேல் ஓடாகவும் மாறவில்லை. ஒரே வாயில் இருவரையும் வஞ்சித்தது. ஆயினும் வஞ்சிக்கப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

வேலைநிறுத்தத்துக்குக் குறித்த நாள் 1961 ஜனவரி 21, சனிக்கிழமை. லீக்கின் காரியதரிசி ஆலன் ஹார்டேக்கர் பிடிவாதத்துக்குப் பேர்போனவர். சனிக்கிழமை ஆட்டங்களை ஒருநாள் முன்னதாக வெள்ளிக்கிழமையே நடத்திவிடலாம் என்று லீக் ஏற்பாடு செய்தது. சனிக்கிழமையை வெள்ளிக்கிழமையாக்கினால் வேலைநிறுத்தம் வழி தெரியாமல் நின்றுவிடும் என்று நினைத்தார்கள் போலும். வெள்ளிக்கிழமை ஆலையில் வேலை செய்கிறவன் எப்படி மைதானத்துக்கு வருவான் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ரஸிகனின் இடம் அவர்கள் மனத்தில் எது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

ஆட்டக்காரர்களுக்குப் பதிலாகத் தொழில்முறையல்லாத வேறு ஆட்களைக் கொண்டு ஆட்டத்தை நடத்தினால் என்ன செய்வது என்ற பேச்சும் எழுந்தது. இங்கேதான் படிக்கட்டில் நின்றவனின் மனம் இரண்டு பட்டது. கருங்காலிகள் ஆடுகிற ஆட்டத்தைத் தொழிற்சங்கத்தார் பார்க்கப் போகலாகாது என்று தொழிற்சங்கங்களின் மகாசபை கேட்டுக்கொண்டது. கருங்காலி என்ற சொல்லுக்குச் சுரங்க ஊர்களில் இருந்த கனம் சொல்லி முடியாது. 1926ஆம் வருஷத்துப் பெரிய வேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போன குடும்பங்களோடு தலைமுறை கடந்தும் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளாத தெருக்கள் அங்கே இருந்தன. எனவே 20 பவுன்காரனைப் பற்றி மதுக்கடையில் எவ்வளவு கரித்துக் கொட்டினாலும், கருங்காலி ஆட்டத்துக்குக் காசு கொடுத்து உள்ளே போகும்போது தன்னை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம் அவனுக்கு உண்டு. ஆட்டக்காரனிடம் அவனுக்கு அநுதாபம் குறைவாக இருந்தபோதிலும், கட்டுப்பாட்டில் பற்று நிறைய இருந்தது. பல நல்ல காரியங்கள் உலகத்தில் அநுதாபத்தால் நடப்பதைவிட இம்மாதிரிக் கூச்சத்தால் நடக்கின்றன.

வேறொரு ரகத்து ரஸிகனையும் சொல்ல வேண்டும். மைதானத்தின் பக்கமே எட்டிப் பாராமல், வாரந்தோறும் சமனில் முடியும் ஆட்டங்கள் எவையென்று ஊகித்துப் பந்தயச் சீட்டை நிரப்பித் தபாலில் அனுப்புகிறவன் அவன். ஆட்டப் பட்டியல் தன் சொத்து என்று லீக் 1959இல் வழக்காடி வென்று, அந்தப் பந்தயக் கம்பெனிகளிடமிருந்து ஆண்டுக்குக் குறைந்தது 2,45,000 பவுன் வாங்கத் தொடங்கியிருந்தது. பணமில்லை என்று சொல்ல லீக்குக்கு இனி வாயில்லை என்பதை ஹில் விடாமல் எடுத்துக்காட்டினார். சீட்டு நிரப்புகிறவனுக்கோ, ஆடுகிறவர் மாத்யூஸா, மாத்யூஸின் பாட்டியா என்பதில் அக்கறையில்லை. ஆட்டம் நடந்து ஒரு முடிவு வர வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் சனிக்கிழமை வரைக்கும் போகவில்லை. ஜனவரி 18ஆம் தேதி தொழில் மந்திரி ஜான் ஹேரின் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார்கள். சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. கயிறு மட்டும் உடனே அறுபடவில்லை. நியூகாஸில் கிளப்பைவிட்டுப் போக விரும்பிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர், கிளப்பு விடமாட்டேனென்றதால் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்து, லண்டனுக்குத் தெற்கே ஒரு நண்பரின் வியாபாரத்தில் சேர்ந்து, 1960இல் மாதக்கணக்காகத் தக்கை விற்றுக்கொண்டிருந்தார். இங்கிலாந்துக்கு ஆடத்தக்க ஒருவர் கடை கடையாகத் தக்கை விற்கிற காட்சியைக் கண்ட பிறகுதான், ‘அடிமை’ என்ற சொல்லை நகைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அவரை ஆர்ஸனல் கிளப்பு 47,500 பவுனுக்கு வாங்கிக்கொண்ட பிறகும் வழக்கு நடந்தது. 1963இல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், ஒப்பந்தம் தீர்ந்தவனைப் பிடித்துவைக்கும் முறை நியாயமற்ற தொழில்தடை என்று தீர்ப்பளித்தார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாடுபட்ட வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வம்சத்தில் நேரே வந்தவர் அந்த நீதிபதி என்பதைக் கேட்கும்போது, தெய்வத்துக்கும் சிறிது நகைச்சுவை உண்டென்று தோன்றுகிறது.

ரஸிகன் பயந்தது நடந்ததா என்றால், பாதி நடந்தது என்பேன். ஃபுல்ஹாம் கிளப்பின் தலைவரான டாமி டிரிண்டர் ஒரு விகடக் கலைஞர். தம் கிளப்பின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுன் பெறத்தக்கவர் என்று ஊரறியப் பேசிவந்தார். வரம்பு நீங்கியதும், பேசிய வாய்க்குக் கட்டுப்பட்டு 100 பவுனே கொடுக்க வேண்டியதாயிற்று. 20 பவுன் ஒரே எட்டில் 100 பவுனாயிற்று. ‘இனி இவர்கள் கூலிக்கு மாரடிக்கிறவர்கள்தான், எவன் அதிகம் கொடுக்கிறானோ அவன் வாசலில் போய் நிற்பார்கள்’ என்று வைதவர்கள் வைதார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஹேன்ஸ் 1970 வரைக்கும் ஃபுல்ஹாமை விட்டு நகரவேயில்லை. பெரிய கோப்பை ஒன்றுகூட வெல்லாத அந்தக் கிளப்பிலேயே பதினெட்டு வருஷம் ஆடித் தீர்த்தார். கட்டி வைத்தாலொழிய நிற்கமாட்டான் என்று யாரைச் சொன்னார்களோ, அவிழ்த்துவிட்ட பிறகும் அவரே நின்றார். அதே சமயத்தில், நுழைவுக் கட்டணம் 1965இல் நான்கு ஷில்லிங் ஆயிற்று. சிறிய ஆலை நகரங்களின் கிளப்புகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பிரெஸ்டன் 1961லேயே முதல் வகுப்பிலிருந்து இறங்கிவிட்டது, இன்றுவரை ஏறவில்லை. ஃபின்னி ஓய்வுபெற்ற மறு வருஷம் அது.

ரஸிகனின் மனம் இரண்டு படுவது அந்தத் தேசத்துக்கும் காலத்துக்கும் மட்டும் உரிய விசித்திரமன்று. 1987 செப்டம்பரில் அமெரிக்காவின் கால்பந்தாட்டக்காரர்கள் (பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு அங்கே அந்தப் பெயர்) ஒப்பந்தம் தீர்ந்தால் விரும்பிய இடத்துக்குப் போகும் உரிமை கேட்டு 24 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கயிறு அதே கயிறு. அங்கே முதலாளிகள் துணிந்து மாற்று ஆட்களைச் சேர்த்து ஆட்டத்தை நடத்தினார்கள். அக்டோபர் 4ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் லாரித் தொழிலாளர் சங்கத்தார் வந்து மறியல் செய்ய, அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர் அமரக்கூடிய மைதானத்தில் 4,074 பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதே மாதம் 19ஆம் தேதி டல்லாஸில், வாஷிங்டன் கிளப்பின் மாற்று ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஏறத்தாழ 60,000 பேர் வந்தார்கள். தேசம் ஒன்று, வாரம் இரண்டு. தொழிற்சங்க நகரத்தான் வாசலில் நின்றுவிட்டான். மற்ற ஊரான் சட்டையின் நிறத்தைப் பார்த்தே கைதட்டினான். இவனைக் குறைசொல்லவும் எனக்கு முழு மனம் வரவில்லை. யாரென்றே தெரியாத அந்த வாஷிங்டன் ஆட்கள் மூன்று ஆட்டமும் வென்று கொடுத்து, அசல் ஆட்டக்காரர்கள் திரும்பியதும் வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பருவத்தின் இறுதிப் பரிசை வாஷிங்டன் வென்றபோது தரப்பட்ட வெற்றி மோதிரம் அவர்கள் கைக்கு வந்து சேர 2018 ஆயிற்று. கருங்காலிக்கும் ஒரு வயிறு உண்டு என்பதை லாரிக்காரரிடம் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார். நானும் அந்த வாசலில் நின்றிருந்தால் லாரிக்காரர் பக்கந்தான் நின்றிருப்பேன். ஆனால் மோதிரத்துக்கு முப்பது வருஷம் காத்திருந்தவர்களை நினைக்கும்போது தொண்டை கரகரக்கிறது.

மான்செஸ்டர் மண்டபத்துக்கே திரும்பி, என் மனத்தில் தங்கிவிட்ட ஒரு குறையைச் சொல்லி உட்காருகிறேன். அன்று பேசி வென்ற பேங்க்ஸுக்கு அந்த வெற்றியால் பெரிய லாபம் எதுவும் வரவில்லை. வரம்பு ஒழிந்த அதே 1961இல் போல்ட்டனில் அவருடைய ஆட்டக்காலம் முடிந்து, லீக்குக்கு வெளியேயுள்ள சிறு கிளப்புகளுக்குப் போனார். வெகுகாலம் வாழ்ந்து, அந்தக் கதையைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் சலிக்காமல் சொல்லி, 2024இல், 94ஆவது வயதில் காலமானார். பரி கிளப்பின் இளைஞன் அன்று என்ன பதில் பெற்றான் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அவன் இரவு வீட்டுக்குப் போயிருப்பான். தகப்பனார் சுரங்கத்திலிருந்து வந்து, அடுப்படியில் தகரத் தொட்டியில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார். கூட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டிருப்பார். பையன் சொல்லியிருப்பான். அதற்கு அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் யாரும் எழுதிவைக்கவில்லை.